அணைக்கு முந்தைய வரைபடம்

பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைவாளராக இருந்தவன் நான். டிராஃப்ட்ஸ்மேன் என்று சொன்னால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். அண்ணனூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து சேப்பாக்கம் போய், சாய்வு மேஜையில் நாள் முழுக்கக் குனிந்து கோடு போட்டுவிட்டு, மறுபடி பஸ், மறுபடி ரயில். 2009-ல் ஓய்வு கொடுத்தார்கள். கழுத்து வலி மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

"இத்தனை அணை, ஏரி, கால்வாய் வரைந்தீர்களே, வீட்டில் ஒரு படம்கூட மாட்டவில்லையே" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்டார். நான் வரைந்தது எதுவும் என்னிடம் இல்லை. எல்லாம் அரசாங்கச் சொத்து. ஆனால் பீரோவின் அடித்தட்டில் யாரோ வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. பொதிகை மலைக்காடு, தாமிரபரணியின் தலைப்பகுதி. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோப்போ ஷீட் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்திய நில அளவைத் துறை, அதாவது சர்வே ஆஃப் இந்தியா, நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அச்சிட்ட நிலப்பட வரிசை அது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். நம் அண்ணனூர் 66 சி/4 என்ற தாளில் வரும். பொதிகைப் பக்கம் 58 ஹெச். பழைய தாள்களில் ஒரு மைல் என்பது ஓர் அங்குலம். ஒரு தாளில் குறுக்கும் நெடுக்கும் சுமார் 17 மைல் அடங்கும். அதில் மேடு பள்ளம், ஓடை, ஒற்றையடிப் பாதை, கோயில், கிணறு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. தண்ணீர் நீலம், காடு பச்சை, மலையின் உயரக் கோடுகள் பழுப்பு.

ஆபீசில் இந்தத் தாள்களை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். கடற்கரையையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். எடுக்க ஒரு கையெழுத்து, வைக்க ஒரு கையெழுத்து. அப்படியிருக்க, 1983-ல் ஒரு சாயங்காலம், ரயிலுக்கு நேரம் இருந்ததால் மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். பழைய புத்தகக் கடை ஒன்றில், கிழிந்த ஆங்கில நாவல்களுக்கு அடியில், துணியில் ஒட்டி மடித்த ஒரு தாள் கிடந்தது. விரித்தால் 58 ஹெச்/6. வெள்ளைக்காரன் காலத்துப் பதிப்பு. நாலு ரூபாய் சொன்னான், மூன்று ரூபாய்க்கு முடித்தேன். இரண்டு வருடம் கழித்து மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது. இப்போது நம் ஆவடி, அண்ணனூர் வண்டிகள் நிற்கிற புறநகர் முனையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் அன்று வாங்காமல் வந்திருந்தால் அதுவும் அந்தத் தீயில் போயிருக்கும்.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். எங்கள் ஊர்ப் பக்கம் அதை வி.கே.புரம் என்றே சொல்வோம். பாபநாசம் மலை அடிவாரம், பஞ்சாலை ஊர். வாசலில் நின்றால் மலை தெரியும். பிறந்ததிலிருந்து கீழேயிருந்து பார்த்த மலையை முதன்முறை மேலேயிருந்து பார்ப்பது போல இருந்தது அந்தத் தாள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அகத்தியர் மலை சிகரம் இந்தத் தாளில் இல்லை! தாளின் இடது ஓரம் 77 பாகை 15 நிமிடத் தீர்க்கரேகை. சிகரம் அதற்கு மேற்கே ஒரு சில நூறு கஜம் தள்ளி நிற்கிறது. படத்தில் அரை அங்குலம்கூட வராது. 1868 மீட்டர் உயரமுள்ள மலை அந்த இடைவெளியில் பக்கத்துத் தாளுக்கு, 58 ஹெச்/2-க்குப் போய்விட்டது. உலகம் சாயாமலிருக்க வடக்கேயிருந்து தெற்கே அனுப்பப்பட்ட முனிவரை, நில அளவைக்காரன் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிவிட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எதிரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்தப் படங்களைப் படிக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு அது வேண்டும். பழுப்புக் கோடுகளைக் கான்டூர் என்போம். சம உயரக் கோடு. ஒரே கோட்டின் மேல் நடந்து போனால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். அடுத்த கோடு அதற்கு ஐம்பது அடி மேலே, அல்லது ஐம்பது அடி கீழே. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் சாய்வு குறைவான இடம். கோடுகள் வளைந்து, வளைவின் மூக்கு மேட்டை நோக்கி இருந்தால் அது பள்ளம், தண்ணீர் ஓடுகிற வழி. மூக்கு இறக்கத்தை நோக்கி இருந்தால் அது முகடு. எல்லா முகட்டு மூக்குகளையும் பென்சிலால் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு சுற்று வரும். அதற்குள் விழுகிற மழையெல்லாம் ஒரே ஆற்றுக்கு. அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. பிளானிமீட்டர் என்று ஒரு கருவி உண்டு, கவராயம் மாதிரி இரண்டு கை. அதன் முனையை அந்தச் சுற்றின் மேல் ஒரு தடவை நகர்த்திக் கொண்டுவந்தால் பரப்பளவைச் சொல்லிவிடும். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கு இங்கேதான் ஆரம்பம். என் சர்வீசில் எத்தனை சுற்று போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பொதிகையில் அந்த முகட்டுக்கோடு ரொம்ப முக்கியமானது. கிழக்கே சரிந்தால் தாமிரபரணி, புன்னைக்காயல் போய் மன்னார் வளைகுடா. மேற்கே சரிந்தால் நெய்யாறு, அரபிக்கடல். அந்தக் காலத்தில் முகடுதான் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் எல்லை. ஒரே மழை. இரண்டு சர்க்கார், இரண்டு கடல்.

இந்த மலையைப் படத்தில் குறிக்கிற ஆசை ரொம்பப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு தாலமி எழுதிய நிலநூலில் 'பெட்டிகோ' என்று ஒரு மலையும், அதில் பிறக்கிற மூன்று ஆறுகளும் வருகின்றன. அதில் ஒன்றின் பெயர் 'சோலேன்'. பெட்டிகோ என்பது பொதிகை, சோலேன் என்பது தாமிரபரணி என்று எழுதியவர் நம் கால்டுவெல் பாதிரியார். ஆற்றின் முகத்துவாரத்தில் கொற்கைக்கு முத்து வாங்க வந்த கப்பல்காரர்கள் சொல்லித்தான் தாலமிக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கப்பல்காரனுக்கு மலை எதற்கு? ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்காத மனுஷன் கிடையாது, அவ்வளவுதான்.

அப்புறம் 1855-ல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவர், அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். பூமியின் காந்தம், காற்று, மழை எல்லாவற்றையும் மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிடுவதற்காக. அட்டையும் யானையும் மழையும் நிறைந்த அந்தக் காட்டில் காந்தமானிகளைச் சுமந்து ஏற்றியவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று யோசித்திருக்கிறேன். சுமந்தவன் பெயரை எந்தப் படத்திலும் போடுவதில்லை. நில அளவை வேலையிலும் அப்படித்தான். பிளேன் டேபிளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், மரத்தை வெட்டிப் பார்வைக்கு வழி செய்து, கொடி நட்டு நின்றவர்கள் கலாசிகள். வழி காட்டியவர்கள் காணிக்காரர்கள். தாளின் அடியில் அதிகாரியின் பெயர் மட்டும் இருக்கும். என் தாளில் அதுவும் இல்லை. அளந்த ஆண்டு இருந்த மூலையோடு சேர்த்துக் கறையான் தின்றுவிட்டது.

ஆண்டு தெரியாவிட்டாலும் ஒன்று உறுதி. அந்தத் தாள் அணைக்கு முந்தியது. நாம் இன்று பாபநாசம் மேலணை, காரையாறு அணை என்கிற அணை அதில் கிடையாது. நீர்த்தேக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மெல்லிய நீலக்கோடாக வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் பெயரில்லாத ஓடைகள் நரம்பு மாதிரி வந்து சேருகின்றன. இன்று 143 அடித் தண்ணீருக்கு அடியில் இருக்கிற நிலம் அதில் காய்ந்து கிடக்கிறது.

இனி என் அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பாவும் சித்தப்பாவும் அந்த அணை வேலைக்குப் போனவர்கள். பைக்காரா, மேட்டூருக்கு அடுத்தபடி பாபநாசத்தில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வேலை நடந்தது. 1944-ல் மின்சாரம் ஓடியது. வேலை மும்முரமாக நடந்தபோது உலகப் போர். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. சித்தப்பாவுக்குப் பதினாறு. இவர்கள் இருந்த கும்பலுக்குக் கல்வேலை இல்லை, மரம் வெட்டுகிற வேலை. தண்ணீர் நிற்கப் போகிற இடத்தில் இருக்கிற காட்டையெல்லாம் முன்கூட்டியே வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அணை கட்டுகிற இடத்திலிருந்து ஆற்றோரமாக மேலே போய், ஓலைக்கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள்.

மலைக்காய்ச்சல் அந்தக் காட்டில் சாதாரணம். கொயினா மாத்திரை கொடுப்பார்கள். சித்தப்பாவுக்கு ஒரு மார்கழியில் குளிர்க்காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள் போய்விட்டார். கீழே ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. மழை, ஆற்றில் வெள்ளம். கொட்டகை ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஆற்றை விட்டுக் கொஞ்சம் மேடான இடத்தில், ஒரு மருத மரத்தடியில் குழி வெட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் பாட்டிக்குத் தகவல் சொன்னார்கள். பாட்டி அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு அணை நிரம்பியது.

இதை அப்பா எங்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. நான் சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்பாவிடம் நாங்கள் பார்த்தது இரண்டே பழக்கம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவார், எங்களோடு ஆற்றில் குளிக்காமல் தனியாக மேலே போய்க் குளித்துவிட்டு வருவார். இன்னொன்று, தினமும் டீக்கடையில் பேப்பர் எடுத்தால் முதலில் அணை நீர்மட்டம்தான். எங்கள் ஊரில் எல்லாருமே அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் வயல் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. மில் வேலை.

அம்மா போன பிறகு 1986-ல் அப்பாவை அண்ணனூருக்குக் கூட்டி வந்தேன். இங்கே அப்போது நாலு தெருவுக்கு ஒரு வீடு. மற்றதெல்லாம் முள்ளும் நீர்க்குட்டையும். ராத்திரி கார்ஷெட்டில் ரயில் பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்கும். அப்பாவுக்கு ஊர் பிடித்திருந்தது. பேப்பர்தான் பிடிக்கவில்லை.

"இது என்ன பேப்பருடே? புழல் போட்டிருக்கான், பூண்டி போட்டிருக்கான், செம்பரம்பாக்கம் போட்டிருக்கான். பாபநாசத்தைக் காணோம்."

சென்னைப் பதிப்பில் வராது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே ஊரிலிருக்கிற மாமா பையனுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை போஸ்ட் கார்டு வரும். நலம், நலமறிய ஆவல், அதற்குக் கீழே பாபநாசம் இவ்வளவு அடி, சேர்வலாறு இவ்வளவு, மணிமுத்தாறு இவ்வளவு. சேர்வலாறு அணை அப்போதுதான் புதிது. போஸ்ட்மேன் ஒரு நாள் என்னிடம், "சார், உங்கப்பா டேம்ல வேலை பாத்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

மறு வருடம் சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ பேச்சில், மூர் மார்க்கெட்டில் வாங்கிய தாளை எடுத்துத் தரையில் விரித்து, "அப்பா, இதுதான் நம்ம மலை" என்றேன்.

அப்பா மூன்றாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்து தெரியாது. தாளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கெழக்கு எங்கிட்டு?" என்றார். காட்டினேன். கிழக்குப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். கீழேயிருந்து மலைக்குப் போகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து போவானோ அந்தப் பக்கம். எங்கள் ஆபீசில் வடக்கு மேலே இருக்கிறபடி வைத்துத்தான் எவரும் படிப்போம். அவர் வைத்துக்கொண்டபடி மேற்கு மேலே இருந்தது. ஆறு அவரைப் பார்த்து வந்தது.

பாபநாசம் கோயிலைக் காட்டினேன். அங்கிருந்து அவரே போனார். விரலை நீலக்கோட்டின் மேல் வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார். "இது முண்டந்துறையா? இது சேர்வலாறு வந்து சேர்ற எடம். இதான் அய்யனார் கோயில் தெருப்பு." பெயர் ஒன்றும் படிக்காமல், வளைவை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். நான் அச்சிட்ட பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அணை இருக்கிற இடம் வந்ததும் நிறுத்தினார். "இங்க செவுரு." இரண்டு பக்க மலையும் நெருங்கி வருகிற இடம்தான் அது, பழுப்புக் கோடுகள் கருத்துத் தெரிகிற அளவுக்கு நெருக்கம்.

அதற்கப்புறம் விரல் மெதுவாகப் போனது. வலது கரைதான் அவர் பார்த்துக்கொண்டே போனது. "இது மொத ஓடை. இது ரெண்டாவது. ரெண்டாவது ஓடையத் தாண்டிக் கொஞ்சம் ஏத்தம். அங்கனதான் மருது."

விரலை எடுக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே லாரி வந்த சத்தம் கேட்டு என் மனைவிதான் ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: "நீ டேம் படம்லாம் போடுதியே. 143 அடி நின்னா, அவன் தண்ணிக்குள்ளயா, வெளியிலயா?"

நாற்பத்தைந்து வருடமாக அந்த மனிதர் பேப்பரில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்று ராத்திரியே ட்ரேசிங் ஷீட்டைத் தாளின் மேல் ஒட்டி வேலையை ஆரம்பித்தேன். அணையின் முழு நீர்மட்டத்தைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றினேன். அந்த மட்டம் அச்சிட்ட கான்டூர் எதன் மேலும் விழவில்லை, இரண்டு கோட்டுக்கு நடுவில் விழுந்தது. நடுவில் விழுந்தால் இரண்டு கோட்டையும் பார்த்து ஊகித்து ஒரு கோடு இழுக்க வேண்டும். ஆபீசில் செய்கிற வேலைதான், ஆனால் அன்றைக்குக் கை நடுங்கியது. நீலப் பென்சிலால் இழுத்துக்கொண்டு போனேன். செங்குத்தான இடங்களில் சந்தேகமே இல்லை, கோடு தானாகப் போனது. இரண்டாவது ஓடைக்குப் பக்கத்தில்தான் கான்டூர்கள் அகன்று கிடந்தன. சாய்வு குறைவு. அங்கே ஐந்தடி உயரம் மாறினால் கரை எங்கேயோ போய்விடும்.

அப்பாவின் விரல் இருந்த இடமும் அங்கேதான். விரல் என்று சாதாரணமாகச் சொல்கிறேன், அந்தத் தாளில் அப்பாவின் கட்டை விரல் முக்கால் மைல். மறுநாள் ஓர் ஈர்க்குச்சியைக் கொடுத்து, இதால் காட்டுங்கள் என்றேன். இரண்டு ஓடைகளின் வளைவையும் பார்த்துப் பார்த்து ஓரிடத்தில் குச்சியை ஊன்றினார். நான் இழுத்த நீலக்கோடு அதன் மேலேயே போகிறது.

இந்தப் படத்தை வைத்து உள்ளே, வெளியே என்று சொல்ல முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஐம்பது அடிக்கு ஒரு கோடு போட்ட படத்தில் இருபத்தைந்து அடி முன்பின் இருக்கலாம், அதிலும் அடர்ந்த காட்டுக்குள் அளந்தது என்றேன். அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்ப மட்டக்கல்லு?" என்றார்.

அது எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் எதுவரை நிற்கும் என்று தரையிலேயே லெவல் கருவி வைத்துப் பார்த்து, அந்தக் கோட்டில் அடையாளக்கல் நடுவார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிற மரத்தைத்தான் வெட்டச் சொல்வார்கள். மேலே இருப்பதை வெட்டினால் காட்டிலாகா கேட்கும். என் மேஜையில் இழுத்த நீலக்கோட்டை விட அந்தக் கல் பல மடங்கு நம்பகமானது.

"அந்த மருத மரத்தை வெட்டினீங்களா அப்பா?"

"வெட்டல."

"அப்போ அது கல்லுக்கு மேல. தண்ணி வராது."

அப்பா உடனே தலையாட்டவில்லை. ரொம்ப நேரம் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லுக்கு மேலன்னு வெட்டாம இருந்தோமா, அவன் கெடக்கான்னு வெட்டாம விட்டோமான்னு தெரியலய்யா. மேஸ்திரி ஒண்ணும் சொல்லல. அவன் நல்ல மனுசன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு படத்தையும் ஒரு நினைவையும் வைத்து இதற்கு மேல் போக வழியில்லை. அப்பாதான் பேசினார்.

"எப்படின்னாலும் கரையிலதான் கெடக்கான். நடு ஆத்துல இல்ல."

அத்தனை வருடமும் அவர் மனதில் சித்தப்பா நீர்த்தேக்கத்தின் நட்ட நடுவில், ஆழத்தில் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகும் போஸ்ட் கார்டு வந்துகொண்டுதான் இருந்தது. மட்டம் இறங்கியிருந்தால் படித்துவிட்டு வைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் 143-ஐ நெருங்கினால் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "பயலுக்குக் கால் நனையும் இந்த வாரம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். என் பிள்ளைகள் அந்தப் பயல் யார் என்று கேட்டபோது, முதல் தடவையாக அவராகவே உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். ஆற்றில் மீன் பிடித்தது, கரடியைப் பார்த்து மரத்தில் ஏறியது, சித்தப்பா நன்றாகப் பாடுவார் என்பது, எல்லாம் நானே அப்போதுதான் கேட்கிறேன்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. அம்பாசமுத்திரம், வி.கே.புரம் பக்கமெல்லாம் நாசம். ஊருக்கு ட்ரங்கால் கிடைக்கவே இரண்டு நாள் ஆனது. உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அப்பா தாளை எடுக்கச் சொன்னார். ட்ரேசிங் ஷீட்டை மேலே வைத்து நீலக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் அப்பா போய்விட்டார். இங்கேதான், அண்ணனூர் வீட்டில். சாம்பலைப் பாபநாசத்தில் ஆற்றில் கரைத்தோம். மேலே அணைக்குப் போகலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், தண்ணீர் மேலேயிருந்து கீழேதான் வரும் என்றேன்.

இன்றைக்கு அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் அறிவித்தார்கள். மரம் வெட்டப் போகிறவன் கதையே இல்லை. வரைபடச் சட்டமும் மாறிவிட்டது. 2021-ல் மத்திய அரசு பழைய கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தியது. மூன்று கையெழுத்துப் போட்டு எடுத்த விஷயத்தை இப்போது பேத்தி போனில் விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறாள். செயற்கைக்கோள் படம் ஒன்று கோடைகாலத்தில் எடுத்தது போலிருக்கிறது. தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிலும் வெளிறிய மண் ஒரு பட்டைபோலத் தெரிகிறது. அந்தப் பட்டையின் மேல் விளிம்புதான் நான் நீலப் பென்சிலால் இழுக்கப் பார்த்த கோடு. அதற்கு மேல் ஒரேயடியாகப் பச்சை. எந்த மரம் மருது என்று எவன் சொல்வது?

ஆனால் ஓடைகள் அப்படியே இருக்கின்றன. முதலாவது, இரண்டாவது. பேத்திக்கு எண்ணிக் காட்டினேன்.

அந்த இரண்டாவது ஓடைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் தாளில் இல்லை, போனிலும் இல்லை, அப்பாவும் கடைசிவரை ரெண்டாவது ஓடை என்றே சொன்னார். காணிக்காரர்கள் பெயர் வைக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி என்று அவர்கள் குடியிருப்புக்கெல்லாம் எவ்வளவு அழகான பெயர்! இதைப் படிக்கிறவர்களில் காரையாறு மின்வாரியத்திலோ வனத்துறையிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், அல்லது அந்தக் காணிக் குடியிருப்புகளில் பெரியவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், விசாரித்துச் சொல்லுங்கள். அணையில் நின்று மேற்கே பார்த்தால், ஆறு வருகிற திசைக்கு வலது கைப் பக்கம், இரண்டாவதாக வந்து விழுகிற ஓடை.